வாசகர் கேள்வி – பதில்: லோவுட் பள்ளியில் பரவிய ஜுரம்

கேள்வி: ஆங்கில எழுத்தாளர் சார்லட் பிராண்டேயின் ‘ஜேன் ஐர்’ நாவலில் லோவுட் பள்ளியில் ஜுரம் பரவிப் பிள்ளைகள் இறப்பது கற்பனையா? அவருடைய உடன்பிறந்தோர் அனைவரும் இளவயதில் இறந்ததற்குப் பரம்பரை நோய்தான் காரணமா?

பதில்: பெரும்பகுதி அவர் கண்ணால் கண்டது. சார்லட்டும் சகோதரிகள் மூவரும் 1824இல் கோவன் பிரிட்ஜ் என்ற ஊரில், பாதிரியார்களின் பெண்களுக்கென நடந்த விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார்கள். மறு ஆண்டே 11 வயது மரியாவும் 10 வயது எலிசபெத்தும் நோயோடு வீடு திரும்பி, மே, ஜூன் மாதங்களில் அடுத்தடுத்து காசநோயால் இறந்தார்கள். அப்போது சார்லட்டுக்கு வயது 9.

1847இல் வெளிவந்த நாவலில், 80 மாணவிகளில் 45 பேர் ஒரே நேரத்தில் டைபஸ் காய்ச்சலில் படுத்துவிடுகிறார்கள். பள்ளத்தாக்கின் மூடுபனியையும் அவர் காரணமாகச் சொல்கிறார், ஏனெனில் கெட்ட காற்றால் நோய் வரும் என்பதே அன்றைய நம்பிக்கை; உடைப் பேன்தான் டைபஸைப் பரப்புகிறது என்பது 1909இல்தான் நிறுவப்பட்டது. ஆனால் அரைப்பட்டினியையும், கவனிக்காமல் விட்ட சளியையும், சமையலுக்குப் பயன்பட்ட நாற்றமெடுத்த தண்ணீரையும் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் விதியின் மீது பழி போடாமல் பள்ளியின் சமையலறையைக் கைகாட்டிய அந்தத் துணிவுக்காகவே இப்பகுதியை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

காசநோய் பரம்பரை நோய் என்றுதான் அக்காலத்து மருத்துவர்கள் பலரும் கருதினார்கள், அது தவறு. சகோதரர் பிரான்வெல் 1848 செப்டம்பரிலும், சகோதரிகள் எமிலி டிசம்பரிலும், ஆன் 1849 மே மாதத்திலும், அதாவது எட்டே மாதங்களுக்குள் மூவரும் இறந்ததற்கு, ஒரே வீட்டில், மூடிய அறைகளில், ஒருவர் இருமிய காற்றை மற்றவர் சுவாசித்து வாழ்ந்ததே போதுமான விளக்கம்.

அவர்கள் வாழ்ந்த ஹாவொர்த் ஊரும் நலமான ஊரன்று. தந்தை பேட்ரிக் பிராண்டே முன்னின்று மனு அனுப்பியதன் பேரில் பெஞ்சமின் பாபேஜ் என்ற அரசு ஆய்வாளர் அங்கு வந்து, 1850இல் அறிக்கை வெளியிட்டார். கழிவுநீர் வடிகால் இல்லை, குடிநீர் சுத்தமில்லை, மேட்டிலிருந்த கல்லறைத் தோட்டமோ நிரம்பி வழிந்தது. இறந்தோரின் சராசரி வயது 25.8 என்றும், 41.6 விழுக்காட்டினர் ஆறு வயதை எட்டுவதற்குள் இறந்துவிட்டனர் என்றும் அவர் கணக்கிட்டார். அந்த ஊரில் தந்தை 84 வயதுவரை இருந்து, தம் பிள்ளைகள் ஆறு பேரையும் பறிகொடுத்தார்.

நாவலில் என்னை இன்றும் நடுங்க வைப்பது ஓர் இரவுக் காட்சி. டைபஸ் நோயாளிகள் தனியே வைக்கப்பட்டிருக்க, எலும்புருக்கி, அதாவது காசநோயால் இறந்துகொண்டிருக்கும் மாணவி ஹெலனோ ஆசிரியையின் அறையில் படுத்திருக்கிறாள். எலும்புருக்கி என்பது ஏதோ லேசான நோய் என்று எண்ணியிருந்த நாவலின் நாயகி ஜேன், ரகசியமாக உள்ளே வந்து, தோழியின் கட்டிலில் ஏறி, அவளைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போகிறாள். விடிந்து ஆசிரியை வந்து பார்க்கும்போது ஜேனின் முகம் ஹெலனின் தோளில் புதைந்திருக்கிறது, ஹெலன் இறந்துவிட்டிருக்கிறாள். அந்த அணைப்பால் ஜேனுக்கும் நோய் தொற்றியிருக்கலாம் என்ற அச்சம் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோச் கண்டறிந்து அறிவித்தது 1882இல், சார்லட் இறந்து 27 ஆண்டுகளுக்குப் பிறகு.