அடிமை முறையின் வரலாற்றை ஆசிரியர்கள் சேர்ந்து எப்படிக் கற்பிக்கலாம்?

தனியாக நடத்தாதீர்கள். முதலில் உங்கள் பள்ளிக் கணக்கு சாரைப் போய்ப் பாருங்கள்.

நான் குடியாத்தம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். அடிமை முறை என்றாலே பிள்ளைகளுக்கு ஆப்பிரிக்கா, கப்பல், அமெரிக்கா. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்க் கலகத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழித்த 1833-ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட நம் பக்கத்துக்குப் பொருந்தவில்லை என்பது தெரியாது. இங்கே 1843-இல்தான் சட்டம் வந்தது. அதுவும் 'இவன் என் அடிமை' என்ற வழக்கைக் கோர்ட் ஏற்காது என்றதே தவிர, அடிமை வைத்திருந்தவரைத் தண்டிக்கவில்லை.

முதல் வருஷம் நான் ஒரு தப்பு செய்தேன். பாடம் மனதில் பதியட்டும் என்று, "யார் வீட்டில் அட்வான்ஸ் வாங்கி பீடி சுத்துறாங்க? கை தூக்குங்க" என்று கேட்டுவிட்டேன். நாலைந்து கைகள் எழுந்தன. ஒரு பெண் பெஞ்சுக்குக் கீழே பார்த்தபடி இருந்தாள். அன்று மாலை எங்கள் தமிழம்மா, "பிள்ளைங்க வீட்டுக் கஷ்டம் உங்க பாடத்துக்கு உதாரணமா சார்?" என்று கேட்டார். இன்றும் அது உறுத்துகிறது. அதற்கப்புறம்தான் கணக்கு சார், தமிழம்மா, நான் மூன்று பேரும் உட்கார்ந்து திட்டமிட்டோம்.

கணக்கு சார் ஒரு செங்கல் சூளைக் கணக்கு போட்டார். அட்வான்ஸ் 10,000 ரூபாய். வாரக் கூலி 600, சாப்பாட்டுக்கு 500, மிச்சம் 100. நூறு வாரத்தில் கடன் தீர்ந்துவிடும் என்று வகுப்பே கத்தியது. சரி, மழைக்காலத்தில் 12 வாரம் சூளை ஓடாதே என்றார். அந்த 12 வாரச் சாப்பாட்டுக்கு மறுபடி கடன், 6,000. வேலை நடக்கும் 40 வாரத்தில் அடைத்தது 4,000. வருஷக் கடைசியில் கடன் 12,000. வட்டியே போடவில்லை! வகுப்பு அப்படியே அடங்கிவிட்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் அந்தக் கடனையே செல்லாது என்று ஏன் சொன்னது என்பதை அதன்பிறகு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. நம் மாவட்டத்தில் அரிசி ஆலைகளிலிருந்தும் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளைப் பெயர்களை நீக்கிவிட்டுப் படித்தோம்.

இன்னொரு பீரியடில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்கள். 1860-இல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் அங்கே போனது. அந்தக் கப்பல் பதிவேடுகளில் பெயர், அப்பா பெயர், ஊர், ஜில்லா எல்லாம் உண்டு. ஜில்லா இடத்தில், நம் பக்கம் அன்று இருந்த 'வட ஆற்காடு' என்று திரும்பத் திரும்ப வரும். ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே சுதந்திரமாக இருக்க நினைத்தவர்களுக்குப் பின்னால் வருஷத்துக்கு 3 பவுண்டு வரி விதித்தார்கள். 60 ஷில்லிங், அதாவது ஆறு மாதச் சம்பளம். இதையும் பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கொண்டுபோய் விற்கப்பட்டவர், ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர், அட்வான்ஸில் சிக்கியவர், மூவரும் ஒன்றே என்று சொல்லிவிடாதீர்கள். 'விலகிப் போக முடியுமா? பிள்ளைக்கும் அந்த நிலை தொடருமா? யாரிடம் முறையிடலாம்?' என்ற மூன்று கேள்விகளைப் பலகையில் எழுதினோம். பதிலைப் பிள்ளைகள் தேடினார்கள்.

தமிழம்மா சொற்களை எடுத்துக்கொண்டார். அடிமை, ஆளோலை (அடிமைப் பத்திரம்), பண்ணையாள். மறுநாள் ஒரு பையன், யாரும் கேட்காமலே, தன் ஆயா சொன்னதாக 'படியாள்' என்று ஒரு சொல் கொண்டுவந்தான். கூலியாகத் தானியத்தைப் படியில் அளந்து கொடுப்பார்களாம், அதனால் அந்தப் பெயராம். தமிழம்மா சாக்பீஸை அவன் கையில் கொடுத்தார். பலகையில் நான்காவது சொல்லாக அவனே எழுதினான்.