அவர் சொன்ன கணக்கை ஏன் வெட்டினீர்கள்?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பிரீமியம் வசூலை அவர்களுடைய வங்கியோடு இணைக்கும் வேலைக்கு நான்கு வாரம் என்று கிளையன்டிடம் சொன்னேன். எட்டாவது வாரம் நடக்கிறது. புதிதாக இருவரைச் சேர்த்தும் முடியவில்லை. குழுவில் ஒரு பெண் மட்டும், எல்லாம் கூடிவந்தால் ஆறு வாரம், பெரும்பாலும் ஏழு, வங்கி இழுத்தடித்தால் பதினான்கு என்றார். பிரசவ விடுப்பு முடிந்து வந்தவர், பயந்து சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். இப்போது அவரும் இரவு ஒன்பது மணி வரை இருக்கிறார். மென்பொருள் வேலைக்குத் தேதி சொல்ல முடியாது என்பதைக் கிளையன்டுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தேதி சொல்ல முடியாது என்கிறீர்கள், உங்கள் குழுவிலேயே ஒருவர் சொல்லியிருக்கிறார், நீங்கள்தான் அதை வெட்டினீர்கள். 1958இல் அமெரிக்கக் கடற்படை தன் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய, வேலை முடியும் காலத்தைக் கணக்கிடும் பெர்ட் முறை கேட்பதும் அவர் கொடுத்த அதே மூன்று எண்களைத்தான். பெரும்பாலும் ஆகும் காலத்தை நான்கால் பெருக்கி, குறைந்தபட்சத்தையும் அதிகபட்சத்தையும் கூட்டி, ஆறால் வகுத்தால் எட்டு வாரம் வருகிறது. அதைவிட முக்கியம், இழுபறி எங்கிருந்து வரும் என்பதையும் அவர் சொல்லிவிட்டார்: வங்கியின் டெஸ்டிங் அனுமதி உங்கள் கையில் இல்லை.

அதைப் பயம் என்று எந்த அடிப்படையில் முடிவு செய்தீர்கள்? பாலூட்டும் நேரம், மாமியாரின் முழங்கால் வலி, மாலை ரயில் என்று ஒவ்வொரு நாளையும் கணக்குப் போட்டு வேலைக்கு வருகிறவருக்கு, ஒன்று தள்ளிப்போனால் அடுத்தடுத்து எதெல்லாம் தள்ளிப்போகும் என்பது உங்களைவிட நன்றாகத் தெரியும். அவர் சொல்லைக் கேளாமல் விட்டதோடு நில்லாமல், அதற்கான தண்டனையையும் அவர் தலையிலேயே கட்டியிருக்கிறீர்கள். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று ஐபிஎம்மின் ஓஎஸ்/360 என்ற இயங்குதள மென்பொருள் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார்; புதியவர்களுக்குப் பழையவர்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். அந்தக் கற்பித்தல்தான் ஒரு கைக்குழந்தையின் தாயை இரவு ஒன்பது மணி வரை அலுவலகத்தில் உட்கார வைத்திருக்கிறது. தலைமைப் பொறுப்பை ஏற்றவருக்குத் தன் கீழ் வேலை செய்பவர் வீடு திரும்பும் நேரத்துக்கும் பொறுப்பு உண்டு என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

நாளைக் காலை அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். மீதி வேலைக்கு மீண்டும் மூன்று எண்களைக் கேட்டு, ஒன்றையும் குறைக்காமல், காரணத்தோடு கிளையன்டுக்கு அனுப்புங்கள். வங்கியை நெருக்கி அனுமதி வாங்க, அதன் வாடிக்கையாளரான அவர்களால்தான் முடியும். அதையும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். புதியவர்கள் இருவருக்கும் இனி நீங்களே சொல்லிக்கொடுங்கள், அவர் ஆறு மணிக்குக் கிளம்பட்டும்.