கடல் ஏறும் நேரம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் குடும்பத்தோடு ஒரு கடலோரச் சதுப்புநிலச் சரணாலயத்துக்குப் போனோம். காலை ஆறு மணிக்கே போயும் ஏமாற்றம்தான். தூரத்துச் சேற்றில் புள்ளி புள்ளியாகச் சில பறவைகள். கிட்டே போனால் பறந்துவிடுகின்றன. என்ன பைனாகுலர் வாங்கலாம்? மகனிடம் ட்ரோன் இருக்கிறது, கொண்டுபோகலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் எதுவும் போதும். பன்னிரண்டுக்குப் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். அதை விடுங்கள்.

நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பியிருக்கிறீர்கள். பார்த்திருக்க வேண்டியது, கடல் எப்போது ஏறும், எப்போது வடியும் என்கிற ஓத அட்டவணையை. விடியல் கணக்கெல்லாம் காட்டுப் பறவைகளுக்கு. சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளானும் உப்புக்கொத்தியும் நீர் வடிந்தால் நள்ளிரவிலும் மேயும். ஏறினால் பட்டப்பகலிலும் மேட்டில் கூடி ஓய்வெடுக்கும். பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றம், தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் ஓரிடத்தில் உட்காருங்கள். நீர் ஏற ஏறச் சேறு சுருங்கும், பறவைகளைக் கடலே உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும்.

சரி, ‘கிட்டே போனால் பறந்துவிடுகின்றன’ என்று குறைபோல எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நாளாகவே இதே நினைப்பு. அண்மையில் ஓர் ஏற்ற நேரத்தில், மணல்திட்டில் ஒற்றைக் காலில் நின்று தூங்கிய கூட்டத்தை ஒருவர் கைதட்டிக் கிளப்பினார். பறக்கிற படம் வேண்டுமாம். சுற்றி நின்றவர்கள் படத்தைப் பார்த்துப் பாராட்டவும் செய்தார்கள்.

அந்தத் தூக்கம் சோம்பல் என்றா நினைத்தார்கள்? 2022 அக்டோபரில், செயற்கைக்கோள் கருவி பொருத்திய பட்டைவால் மூக்கன் என்கிற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் கடந்தது. பிறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது அதற்கு! வழிக்கு உணவு, உடம்பில் சேர்த்த கொழுப்பு மட்டுமே. கிளம்பும்போது எடையில் பாதி கொழுப்பாக இருக்கும். சுமையைக் குறைக்கக் குடலும் இரைப்பையும்கூடச் சுருங்கிவிடும். கொசு உள்ளானோ மொத்தமே 25 கிராம் அளவுதான். ஒவ்வொரு கைதட்டலும் அந்தச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துவிடுகிறது. சேறு நீருக்கடியில் கிடக்கும்போது இழந்ததை உடனே தின்று ஈடுகட்டவும் முடியாது.

பறவை மேய்ச்சலை நிறுத்திவிட்டுத் தலைதூக்கி உங்களைப் பார்க்கிறதா? அதற்குமேல் போகாதீர்கள். இரண்டடி பின்வாங்கினால் இன்னும் நல்லது. நடப்பதானால் போட்ட பாதையில் நடங்கள். உப்புக்கொத்தி வெறுந்தரையில் முட்டையிடும், மிதித்த பிறகுதான் தெரியும்.

மகனை அவசியம் கூட்டிப் போங்கள். ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும். தலைக்கு மேலே அப்படி ஒன்று சுற்றினால் அவற்றுக்கு அது பருந்துதான்.