ஜிம்மில் புலி, கூண்டுக்குள் எலியா?

கேள்வி: எனக்கு வயது 23. மூன்று வருடமாக எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை) பழகுகிறேன். ஜிம்மில் என் எடையில் இருக்கும் யாரையும் சமாளித்துவிடுவேன். ஆனால் ஆடிய இரண்டு அமெச்சூர் போட்டிகளிலும் இரண்டாவது நிமிடத்திலேயே கை கனத்து, மூச்சு முட்டித் தோற்றுப்போனேன். மனதைத் திடப்படுத்த, வாரம் நான்கு நாள் முழு பலத்தில் ஸ்பாரிங் (ஜிம் நண்பர்களோடு பயிற்சிச் சண்டை) செய்யச் சொல்கிறார் கோச். எனக்கு மனோதிடம் இல்லையா? தொழில்முறை வீரராக ஆசைப்படலாமா?

பதில்: முதலில் ஓர் எதிர்க்கேள்வி. போட்டிக்காக எடை குறைத்தீர்களா? அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. கடைசி இரண்டு மூன்று நாளில் தண்ணீரை நிறுத்தி, வியர்வையாக வடித்து எடையை இறக்கியிருந்தால் மனதைக் குறை சொல்ல வேண்டாம். உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தின் அளவும் குறையும், இதயம் கூடுதலாக அடிக்கும், சீக்கிரம் களைத்துப்போவீர்கள். தொழில்முறையில் பெரும்பாலும் போட்டிக்கு முந்தைய நாளே எடை பார்ப்பதால், இழந்த நீரை மீட்க ஒரு நாளாவது கிடைக்கும். போட்டியன்றே எடை பார்த்தால் அதுவும் கிடையாது. அப்படித்தான் நடந்தது என்றால், அடுத்த முறை ஓர் எடைப் பிரிவு மேலே ஆடுங்கள்.

எடை காரணமில்லை என்றால், அது பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் செய்த வேலை. மணி அடிக்கும் முன்பே துடிப்பு எகிறும். தோள் விறைக்கும், முஷ்டி தளரவே தளராது, உங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வீர்கள். அப்புறம் முழு ரவுண்டுக்கான தெம்பு இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோவதில் அதிசயமில்லை.

இதைக் கோழைத்தனம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். முன்னாள் யு.எஃப்.சி. (உலகின் பெரிய எம்.எம்.ஏ. அமைப்பு) சாம்பியன் ஜார்ஜ் செயின்ட் பியரைவிடப் பெரிய வீரர் வெல்டர்வெயிட் எடைப் பிரிவில் இல்லை என்பது என் கட்சி. அவரே போட்டிக்கு முன் பயந்து நடுங்கியதை வெளிப்படையாகச் சொன்னவர். 2007 ஏப்ரலில் மாட் செராவிடம் முதல் ரவுண்டிலேயே வீழ்ந்து பட்டத்தை இழந்தார். பிறகு உளவியல் ஆலோசனைக்குப் போனார். செங்கல்லில் செராவின் பெயரை எழுதி ஆற்றில் எறிந்ததாக ஒரு கதை உண்டு. எல்லோரும் அதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் 2008 ஏப்ரலில் செராவோடு நடந்த மறுபோட்டியில் அவர் ஆடியதைப் பாருங்கள். செராவுடன் குத்துக்குக் குத்து நிற்காமல், டேக்டவுன் எடுத்து, அதாவது தரையில் வீழ்த்தி, கீழேயே வைத்து அடித்தார். இரண்டாவது ரவுண்டில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். எவ்வளவு பயம் இருந்தாலும் செய்துவிடக்கூடிய வேலை ஒன்று அவர் கையில் இருந்தது.

உங்களுக்கும் முதல் நிமிடத்துக்கு அப்படி ஒரு வேலை வேண்டும். ஜாப் (முன்கையால் நேர் குத்து), லோ கிக் (காலில் உதை), பக்கவாட்டில் நகர்வு. கட்டிப்பிடி வந்தால் எதிராளியைக் கூண்டுச் சுவரில் அழுத்து. அவ்வளவு போதும். யோசிக்காமல் வரும்வரை தினமும் பழகுங்கள். ஒவ்வொரு அடிக்கும் மூச்சை வெளியே விடுங்கள். போட்டியன்று குளிர்ந்த உடம்போடு உள்ளே போகாதீர்கள். கோச் கையில் பிடிக்கும் பேடை வியர்க்கும்வரை அடித்து, ஒருமுறையாவது நன்றாக மூச்சு வாங்கவைத்து, பிறகு மெதுவாக ஆறுங்கள். முதல் திணறல் உடைமாற்றும் அறையிலேயே முடிந்துவிட வேண்டும்.

சரி, ஸ்பாரிங். கோச் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. தெரிந்த நண்பனிடம் தெரிந்த இடத்தில் அடி வாங்குவதில் நண்பனின் அடிதான் பழகும், போட்டி பழகாது. தலைக்கு விழும் அடியோ சேர்ந்துகொண்டே போகும். இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும்: முன்னாள் யு.எஃப்.சி. சாம்பியன் மேக்ஸ் ஹாலோவே ஸ்பாரிங் இல்லாமலே தயாராகி, 2021 ஜனவரியில் கால்வின் கேட்டருக்கு எதிராக 445 முக்கிய அடிகளைப் பதித்தார். அதைக் காட்டி ஸ்பாரிங்கை விட்டுவிடாதீர்கள். அவருக்குப் பின்னால் பல வருட ஸ்பாரிங் இருந்தது, உங்களுக்கு மூன்று வருடம்தான்.

வாரத்துக்கு ஒரு நாள் ஓரளவு வேகமாக, மற்ற நாட்களில் தொட்டு விளையாடுவதுபோல லேசாகச் செய்யுங்கள். மிச்ச நேரத்தை மோசமான நிலையிலிருந்து தொடங்கும் பயிற்சிக்குக் கொடுங்கள்: முதுகு சுவரில், எதிராளி இடுப்பைப் பிடித்திருக்கிறார், அல்லது மல்லாந்து கிடக்கும் உங்கள் மேல் (மவுண்ட்) உட்கார்ந்திருக்கிறார், 90 வினாடிதான் பாக்கி. நிமிடத்துக்கு ஒரு புது ஆள் உங்கள் மேல் வரட்டும். கூண்டுக்குள் வரும் அதே திணறல் இங்கே தலையில் அடி வாங்காமலே வரும். வேறு ஜிம்மிலிருந்து முகம் தெரியாத ஒருவரை மாதம் ஒருமுறை வரவழைத்தால் இன்னும் நல்லது.

தொழில்முறை விஷயம் இப்போது வேண்டாம். இரண்டு தோல்வியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அடுத்த ஒரு வருடம் ஜியு-ஜிட்சு, மல்யுத்தம், கிக்பாக்சிங் என்று சின்னச் சின்னப் போட்டிகளில் ஆடி, பெயரைக் கூப்பிடும்வரை காத்திருக்கும் அந்த நேரத்தைப் பழகுங்கள். கோச்சிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தப் பதிலையே காட்டுங்கள். நடுவில் எப்போதாவது ஸ்பாரிங்குக்குப் பிறகு தலைவலியோ தலைசுற்றலோ வந்தால், யார் என்ன சொன்னாலும் சரி, மருத்துவரைப் பார்த்து அவர் அனுமதித்த பிறகே கையுறையை மாட்டுங்கள்.