சிங்கத்துக்கு முன் கொசுவலை

அன்புள்ள தங்கைக்கு,

தான்சானியாவின் தார் எஸ் சலாமுக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது, மசாக்கியில் வீடு, ஆறு வயது மகள் புது இடத்தில் தூங்க மறுக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் அறையை ஆப்பிரிக்க பாணியில் அலங்கரித்தால் ஊர் பிடித்துப்போகுமா, முகமூடி, முரசு, விலங்குப் படங்கள் எங்கே வாங்கலாம், பள்ளிக் கட்டணம் எவ்வளவு, மளிகை எங்கே என்றும் கேட்டிருந்தீர்கள். பள்ளி விவரத்தை உங்கள் கணவரின் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மளிகைக்குக் கிசுட்டுச் சந்தைப் பக்கம் ஒருமுறை போய்வந்தால் போதும். நான் அறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில்தான் நான் அடிபட்டேன்.

2001 ஏப்ரலில் வந்திறங்கினோம். மசிகா என்று இங்கே சொல்லும் பெருமழைக் காலம். இதே ஊரின் உபாங்கா பகுதியில் இரண்டாம் மாடி வீடு, மகளுக்கு ஐந்து வயது. உங்களைப் போலவே நானும் முதல் வாரம் முழுக்க அவள் அறைச் சுவரில் சிங்கமும் யானையும் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் கம்பி வலை இருக்கிறதே என்று கொசுவலை வாங்கவில்லை. மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. பயண அலுப்பு, தண்ணீர் மாற்றம் என்று இரண்டு நாள் பாரசிட்டமால் கொடுத்தேன். எதிர்வீட்டு அம்மா வந்து குழந்தையின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் கீழே இறங்கிப் போய் டாக்சி பிடித்து வந்தார். ரத்தப் பரிசோதனையில் மலேரியா. நான்கு இரவு மருத்துவமனையில் இருந்தோம். அந்த இரண்டு நாளை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதனால் முதலில் இந்த ஊரின் சுவாஹிலி மொழியில் 'சந்தாருவா' என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள், கொசுவலை. மருந்து ஏற்றிய வலையாகக் கேட்டு வாங்குங்கள். கூரையிலிருந்து ஒற்றை வளையத்தில் தொங்கும் வலை இளவரசி படுக்கை போல அழகாகத்தான் இருக்கும். ஆனால் குழந்தை புரளும்போது கையும் காலும் வலையில் உரசும். உரசிய இடத்தில் கொசு வெளியிலிருந்தே கடிக்கும். நான்கு மூலையிலும் கட்டும் அகலமான வலைதான் நல்லது. ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். துவைத்தால் நிழலில் உலர்த்துங்கள், வெயில் பட்டால் மருந்தின் வீரியம் குறையும். எவ்வளவு கவனமாக இருந்தாலும், காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இனி அலங்காரம். 'ஆப்பிரிக்க பாணி' என்று ஒன்று கிடையாது, தங்கையே. ஐம்பத்து நான்கு நாடுகள் உள்ள கண்டம் இது. கடைகளில் தொங்கும் முகமூடிகளில் பல காங்கோ, மேற்கு ஆப்பிரிக்க பாணியில் செய்தவை. வணிக வளாகங்களில் விற்கும் சுவர் ஒட்டிகளில் சிங்கத்துக்குப் பக்கத்தில் புலி உட்கார்ந்திருக்கும்; இந்தக் கண்டத்துக் காட்டில் புலியே கிடையாது. குழந்தை எந்த ஊரில் வாழ்கிறதோ அந்த ஊர் அவள் அறையில் இருக்கட்டும்.

இங்குள்ள பெண்கள் உடுத்தும் கங்கா துணியிலிருந்து தொடங்குங்கள். நம் சேலைக்கு முந்தானை போல இதற்கு நான்கு பக்கமும் கரை உண்டு, நடுவில் ஒரு கோலம், அதற்குக் கீழே சுவாஹிலியில் ஒரு வாசகம். ஜோடியாகத்தான் விற்பார்கள். ஒன்று திரைச்சீலை, ஒன்று படுக்கை விரிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். வாசகத்தைப் படிக்காமல் மட்டும் வாங்காதீர்கள். பொறாமைக்காரிக்குப் பதிலடி, சக்களத்திக்குக் குத்தல் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். அப்படி ஒன்றை நான் நிறத்துக்காக வாங்கி மகளின் ஜன்னலில் மாட்டினேன். வீட்டு வேலைக்கு வந்த பெண் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளே கரியாக்கோ சந்தைக்குக் கூட்டிப்போய் 'ஹபா ந ஹபா ஹுஜாசா கிபாபா' என்று எழுதிய துணியைத் தேர்ந்தெடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் படி நிறையும் என்று பொருள். நம் சிறுதுளி பெருவெள்ளம்தான். என் மகள் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சுவாஹிலி வாக்கியம் அது. புதுத் துணியில் கஞ்சி விறைப்பாக இருக்கும், சாயமும் போகலாம். தனியாக ஒருமுறை அலசிவிட்டு மாட்டுங்கள்.

மரச் சிற்பம் வாங்க ம்வெங்கே சந்தைக்குப் போவீர்கள். அங்கே மக்கோண்டே இனச் சிற்பிகளின் 'ஷெத்தானி' உருவங்களைக் காட்டுவார்கள். ஆவிகளைச் செதுக்கியவை, ஒற்றைக் கண்ணும் முறுக்கிய உடலுமாக இருக்கும். உயர்ந்த கலைதான், நானே வரவேற்பறையில் வைத்திருக்கிறேன். ஏற்கெனவே தூங்காத குழந்தையின் அறையில் மட்டும் வேண்டாம். இவை ம்பிங்கோ என்ற மரம். நம்மவர்கள் கருங்காலி என்பார்கள், ஆனால் இது நம் ஈட்டி மரத்தின் இனம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு கனம். சாதாரண மரத்துக்குக் காலணிப் பாலிஷ் தேய்த்து ம்பிங்கோ என்று விற்பவர்களும் உண்டு. நான் முதலில் வாங்கிய சிங்கத்தின் கறுப்பு முழுவதும் மகளின் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். அடியில் மாவு போலத் தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது, அது கட்டிலுக்கும் பரவும். முரசு வாங்கினால் தோலை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். தந்தம், ஆமை ஓடு, காட்டு விலங்குத் தோல், கடற்சிப்பி எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஊருக்குத் திரும்பும்போது விமான நிலையத்தில் வழக்காகும்.

படத்துக்கு நீங்கள் தூரம் போக வேண்டாம், ஓய்ஸ்டர் பே உங்களுக்குப் பக்கம்தான். எட்வர்ட் சைதி டிங்கடிங்கா என்பவர் 1968 வாக்கில் அந்தப் பகுதியில் உட்கார்ந்து, சைக்கிளுக்கு அடிக்கும் பெயின்டால் சதுர அட்டைப் பலகையில் சிறுத்தையும் பறவையும் வரைந்து விற்றார். 1972இல் இறந்துவிட்டார், ஆனால் அவர் பெயராலேயே ஓவிய மரபு ஒன்று நிலைத்துவிட்டது. அங்கே இன்றும் வரைகிறார்கள். மகளை அழைத்துப்போய், அவள் கேட்கும் விலங்கை அவள் கண்முன் வரையச் சொல்லுங்கள். வாங்கியதும் வாசம் போகும்வரை வராந்தாவில் வைத்திருங்கள். என் மகள் வரிக்குதிரை கேட்டாள். ஓவியர் 'புண்டா மிலியா' என்றார், கோடு போட்ட கழுதை. நமக்குக் குதிரையாக இருப்பது இவர்களுக்கு ஏன் கழுதையாயிற்று என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

பதினைந்து ஆண்டு இங்கே இருந்தும் நன்றி என்னும் 'அசாந்தே' தவிர ஒரு சொல் கற்காத நம்மவர்களை நான் அறிவேன். சுற்றுச்சுவருக்குள் வாழ்ந்து, ஊர் திரும்பும்போது இரண்டு முகமூடி வாங்கிப் போய்ச் சென்னை வீட்டுச் சுவரில் மாட்டி 'ஆப்பிரிக்காவில் இருந்தோம்' என்பார்கள். அது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. பேரம் பேசும் அளவு மொழி எனக்கு வர இரண்டு ஆண்டுதான் ஆனது. இங்கே தாதா என்றால் அக்கா, காக்கா என்றால் அண்ணன், மாமா என்றால் அம்மா. இதைச் சொன்னதும் என் மகள் சிரித்த சிரிப்பில்தான் இந்த ஊர் அவளுடையதாயிற்று.

அதன் பிறகு யார் அவள் அறைக்குப் போனாலும் வாசலில் நின்று 'ஹோடி' என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து 'கரிபு' என்ற பிறகுதான் நுழையலாம். அவள் அப்பாவும் அப்படித்தான் கேட்டு நுழைவார். இப்போது அவள் வேறு நாட்டில் படிக்கிறாள். அந்தச் சாயம் போன சிங்கம் நவராத்திரிக் கொலுவில் மூன்றாம் படியில் நிற்கிறது. வலையின் கீழ் ஓரம் கனமாகத் தொங்குவதற்காக நான் தைத்த கங்காத் துண்டில் 'கிபாபா' என்ற சொல் மட்டும் இன்னும் வெளுக்காமல் இருக்கிறது.

உங்கள் வீட்டுக் கூரையில் கொக்கி இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். இல்லையென்றால் எங்கள் ஃபுண்டியை, அதாவது கைவேலைக்காரரை, அனுப்புகிறேன், அரை மணி நேர வேலைதான்.