கணினிக் கேள்வி பதில்: கார்டை மாற்றுவதற்கு முன்னால்…

கேள்வி: சிவகாசியில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது என்றார்கள் என்று 11-க்கு மாறினேன். அன்றிலிருந்து திரையில் எல்லாமே பூதாகரமாகத் தெரிகிறது. இரண்டாவது மானிட்டரைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. என்விடியா ஜிடி 710 கிராபிக்ஸ் கார்டு. கம்பெனி தளத்திலிருந்து ஆகப் புதிய டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) இறக்கிப் போட்டால், பொருத்தமான கார்டு இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. கார்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். வாங்கிவிடட்டுமா?

பதில்: பர்ஸை உள்ளே வையுங்கள் சார். கார்டு உண்மையிலேயே போயிருந்தால் படமே வராது, அல்லது விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையிலேயே கோடும் கட்டமுமாகச் சிதறும். படம் தெளிவாக வந்து அளவு மட்டும் பெரிதாக இருந்தால், முதல் சந்தேகம் டிரைவர் மேல்தான்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்தால் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருக்கும், பாருங்கள். எந்தக் கார்டாக இருந்தாலும் ஒப்புக்குப் படம் காட்ட விண்டோஸ் கையோடு கொண்டுவரும் டிரைவர் அது. கணக்கு வாத்தியார் லீவு போட்ட அன்று வகுப்பைப் பார்த்துக்கொள்ள வரும் பி.டி. சார் மாதிரி. சத்தம் வராமல் பார்த்துக்கொள்வார், கணக்கு நடத்த மாட்டார். இரண்டாவது மானிட்டர், போட்டோஷாப் வேகம் எதுவும் அவரிடம் கிடைக்காது.

உள்ளே இருப்பது என்ன கார்டு என்று தெரியாத வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அதே வரியில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், அதில் ஹார்ட்வேர் ஐடிஸ். நீளமாக ஒரு வரி வரும். அதில் 'வென்' (VEN) என்பதை அடுத்து 10டிஇ (10DE) இருந்தால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல். (1978-இல் வந்த தன் பழைய சிப்பின் எண்ணையே இன்டெல் அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறது. குசும்புதான்.)

இனி உங்கள் விஷயம். ஜிடி 710-ஐக் கடைகளில் வெகுகாலம் விற்றார்கள் என்றாலும், உள்ளே இருப்பது 2012-இல் அறிமுகமான கெப்ளர் வகைச் சிப். கெப்ளருக்குப் புதிய டிரைவர் போடுவதை என்விடியா 2021 அக்டோபரில் நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2024 செப்டம்பர் வரை வந்தன. ஆகவே இன்றைய டிரைவரின் பட்டியலில் உங்கள் கார்டின் பெயரே கிடையாது. அதனால்தான் 'பொருத்தமான கார்டு இல்லை' என்றது. கடைக்காரர் அதைத் தப்பாகப் படித்துவிட்டார்.

என்விடியா தளத்தில் நீங்களே தேர்ந்தெடுக்கும் பகுதியில் ஜிஃபோர்ஸ் 700 சீரிஸ், ஜிடி 710, விண்டோஸ் 11 என்று வரிசையாகக் கொடுங்கள். 475 என்று தொடங்கும் எண்ணுள்ள டிரைவர் வரும். போடும்போது 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்து, 'கிளீன் இன்ஸ்டலேஷன்' கட்டத்தில் டிக் அடியுங்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட். அதற்கும் இரண்டாவது மானிட்டர் வரவில்லை என்றால் பின்பக்கம் குனிந்து பாருங்கள். கேபிள் கார்டில் இல்லாமல் மதர்போர்டில் செருகியிருக்கலாம். தூசி தட்டுகிறேன் என்று கழற்றி மாட்டிய சிஸ்டங்களில் இது சர்வசாதாரணம்.

கேள்வி: "உங்கள் கணினியில் 27 டிரைவர்கள் பழசாகிவிட்டன" என்று ஒரு சாஃப்ட்வேர் பயமுறுத்துகிறது. பணம் கட்டினால் எல்லாவற்றையும் சரிசெய்து தருமாம். கட்டலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: வேண்டாம்மா. முதலில் அதையே அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

கேள்வி: திருநெல்வேலியில் இன்ஜினியரிங் படிக்கிறேன். லேப்டாப்பில் இன்டெல், என்விடியா இரண்டும் இருக்கின்றன. விண்டோஸ் 11-இன் பெரிய அப்டேட் ஒன்றுக்குப் பிறகு, திரை திடீரென்று கறுத்துப்போய்த் திரும்பி வருகிறது. பிரைட்னஸைக் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லை. என்விடியா டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

பதில்: தம்பி, பிரைட்னஸுக்கு என்விடியாவைத் திட்டிப் பயனில்லை. இப்படி இரண்டு சிப் உள்ள பெரும்பாலான லேப்டாப்களில் திரை இணைந்திருப்பது இன்டெல்லோடுதான். பெரிய அப்டேட்டின்போது லேப்டாப் கம்பெனி போட்டுக்கொடுத்த இன்டெல் டிரைவரை எடுத்துவிட்டு, விண்டோஸ் தன்னிடமிருந்த பொது டிரைவரைப் போட்டிருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் இன்டெல் வரியின் பிராப்பர்ட்டீஸுக்குள் போய், டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' அமுங்குகிறதா பார். அமுங்கினால் அத்தோடு வேலை முடிந்துவிடலாம். மங்கலாக இருந்தால், லேப்டாப்பின் அடியில் இருக்கும் சீரியல் நம்பரை அந்தக் கம்பெனி தளத்தில் கொடுத்து, அங்கிருந்து டிரைவர் எடு. முதலில் இன்டெல், ரீஸ்டார்ட், அப்புறம் என்விடியா.

கறுத்துத் திரும்புவதற்குக் காரணம் வேறு. கிராபிக்ஸ் சிப்பிடமிருந்து சுமார் 2 நொடிக்குள் பதில் வராவிட்டால் விண்டோஸ் டிரைவரைத் தானே அணைத்து மறுபடி எழுப்புகிறது. அந்த நேரத்தை ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) கூட்டச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதே. நோய் அப்படியே இருக்கும், திரை உறையும் நேரம்தான் நீளும். திரை கறுத்தே நின்றுவிட்டால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அமுக்கு. ஒரு பீப் சத்தத்தோடு டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் வேலை போகாது.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் மிச்சம் மீதி இல்லாமல் துடைக்க டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் (அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் முறை) ஓட்ட வேண்டும். துண்டிக்காவிட்டால் நீ துடைத்த கையோடு விண்டோஸ் தன் டிரைவரைப் போட்டுவிடும். சேஃப் மோடுக்குப் போகும் முன் உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி) ரெக்கவரி கீ இருக்கிறதா என்று பார்த்து, அந்த 48 இலக்கத்தையும் நோட்டில் எழுதி வை. நடுவழியில் அதைக் கேட்டு நிற்கும்போது கையில் இல்லை என்றால் டிரைவர் பிரச்சினை போய் ப்ராஜெக்ட் ஃபைல் பிரச்சினை ஆகிவிடும்.

கேள்வி: நான் ஆசிரியர், ஊர் தஞ்சாவூர். உபுண்டு லினக்ஸ் 22.04-லிருந்து 24.04-க்கு மாறியதும் லோகோ வந்து, பிறகு கறுப்புத் திரை. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு.

பதில்: பூட் ஆகும்போது எஸ்கேப் தட்டி கிரப் மெனுவை (எதைத் தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) வரவழையுங்கள். முதல் வரியில் நின்று 'இ' (E) அமுக்கினால் திருத்தும் பக்கம் வரும். 'லினக்ஸ்' (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' (nomodeset) என்பதைச் சேர்த்து எஃப்10 அமுக்குங்கள். மங்கலாகவோ பெரிதாகவோ டெஸ்க்டாப் வந்துவிடும். இது அந்த ஒரு முறைக்கு மட்டும்தான்.

உள்ளே போனதும் 'அடிஷனல் டிரைவர்ஸ்' பக்கத்தைத் திறங்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பட்டியலில் 'ஓப்பன்' என்று முடியும் டிரைவர்கள் 2018-இல் வந்த டியூரிங் வகைக்கும் அதற்குப் பிந்தைய கார்டுகளுக்கும் மட்டுமே. உங்களுடையது அதற்கு முந்தைய பாஸ்கல். 'ஓப்பன்' இல்லாத 580 அல்லது அதற்குக் கீழான எண்ணை எடுங்கள். 590-லிருந்து பாஸ்கலைக் கைவிட்டுவிட்டார்கள்.

செக்யூர் பூட் (நம்பகமானதை மட்டும் உள்ளே விடும் காவல்) இயங்கும் கணினி என்றால் டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வரும். 'கன்டினியூ பூட்' என்பதுதான் முதலில் நிற்கும், அவசரத்தில் எல்லோரும் அதையே தட்டுவார்கள். கீழே இறங்கி 'என்ரோல் மோக்' (Enroll MOK) எடுத்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் கணினி டிரைவரை உள்ளே விடும்.

கேள்வி: மூன்றாம் தலைமுறை ஐ3 லேப்டாப்பில் குறுக்குவழியில் விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தார் நண்பர். யூடியூப் வீடியோகூட விக்கி விக்கி ஓடுகிறது. (வாசகர், விழுப்புரம்)

பதில்: அந்தச் சிப்புக்கு விண்டோஸ் 11 டிரைவரை இன்டெல் வெளியிடவே இல்லை. விண்டோஸ் 10-க்குக் கொடுத்த பழைய டிரைவரைப் போட்டால் ஓரளவு ஓடலாம், ஆனால் அதை நம்பி வேலை பார்க்க முடியாது. பழையதற்கே திரும்புங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி, 'கோ பேக்'. நண்பர் அப்கிரேடு செய்து 10 நாள் தாண்டவில்லை என்றால்தான் அது வேலை செய்யும். தாண்டிவிட்டால், அல்லது அவர் ஹார்டு டிஸ்கைத் துடைத்துப் புதிதாகப் போட்டிருந்தால், ஃபைல்களை வேறு இடத்தில் நகலெடுத்துவிட்டு விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் போட வேண்டியதுதான். வீட்டு உபயோகக் கணினிகளுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'என்ரோல்' என்று தெரியும், அதில் பதிந்துகொள்ளுங்கள்.