மலைக்கிராம போஸ்டிங்கில் மகள் என்ன கற்றுக்கொள்வாள்?

அன்புள்ள அம்மாவுக்கு,

நர்சிங் படிக்கும் மகளுக்கு ஜவ்வாது மலையில் கம்யூனிட்டி போஸ்டிங், அதாவது ஊருக்குள் போய்ச் செய்யும் பயிற்சி. மானிட்டர்கூட இல்லாத இடத்தில் என்ன படிப்பாள், மாற்றிக் கேட்கலாமா என்கிறீர்கள். மாற்ற வேண்டாம். நோயாளியை மதிப்பிடும் பழக்கம் அங்கேதான் கைவரும்.

இருமலோடு ஒரு குழந்தை வருகிறது. தாய் மடியில் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, முழு 1 நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 என்பது எல்லை. அதைத் தொட்டாலே வேக மூச்சு. பலர் 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குகிறார்கள். குழந்தையின் மூச்சு சீராக இராது, கணக்கு தப்பிவிடும். அழும்போது எண்ணினாலும் அப்படித்தான்.

இது பாதி வேலைதான். அந்த வீட்டின் பலம் என்ன என்று பார்ப்பதும் மதிப்பீடுதான். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரி காட்லீப் இதைத் தனி நர்சிங் முறையாகவே வகுத்திருக்கிறார். "போன தடவை வயிற்றுப்போக்கு வந்தப்ப எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டால் போதும். பகலெல்லாம் பாட்டி வீட்டில் இருக்கிறார், சாமைக் கஞ்சி கொடுத்தோம், பக்கத்து வீட்டில் பைக் இருக்கிறது என்று விவரம் தானாக வரும். ஒவ்வொன்றையும் ஒரு வேலையோடு முடிச்சுப் போட வேண்டும். வயிற்றுப்போக்குக்கான ஓ.ஆர்.எஸ். கரைசலை ஊட்டுவது பாட்டி பொறுப்பு. பெரிய பாக்கெட் ஒன்றுக்கு 1 லிட்டர் தண்ணீர்; அளவுப் பாத்திரம் இல்லையென்றால் காலி லிட்டர் பாட்டில் போதும். அதையே ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு கூடி ஆபத்தாகும். பாட்டி கையாலேயே கரைக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் கிளம்ப வேண்டும்.

மாணவிகள் பலர் கேர் பிளானில் (பராமரிப்புத் திட்டத்தில்) எல்லா வீட்டுக்கும் "தாய்க்கு அறிவுக் குறைவு" என்று ஒரே வரியை எழுதிவிடுகிறார்கள். மூன்று பிள்ளைகளை வளர்த்தவரைப் பற்றி விசாரிக்காமலே அப்படி எழுதுவது மதிப்பீடே அல்ல. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதற்காக, பலத்தைப் பார்த்து அபாயத்தை விட்டுவிடவும் கூடாது. பால் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, மயக்கம்: இதில் ஒன்று இருந்தாலும் கஞ்சியும் பாட்டியும் அப்புறம், உடனே 108. சிக்னல் எங்கே கிடைக்கும், வண்டி எதுவரை வரும், அதுவரை பைக் யார் ஓட்டுவார் என்பதை முதல் நாளே நோட்டில் குறித்துக்கொள்ளட்டும்.

வினாடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். போனைப் பார்த்து எண்ணினால் பாதியில் திரை அணைந்துவிடும்.